வடித்த காய்

மாடிப்படி ஏறி முடிப்பதற்குள் தையல்நாயகிக்கு மூச்சு இரைத்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு தெரு தள்ளி, டயாலிசிஸ் மையத்தின் கடைசிக் கட்டிலில், அவள் கணவர் குஞ்சிதபாதம் இந்நேரம் கண்ணை மூடிப் படுத்திருப்பார். இடது கையில் இரண்டு ஊசி. ஒன்றின் வழியாக ரத்தம் வெளியே போகும், இயந்திரத்துக்குள் அலசப்பட்டு இன்னொன்றின் வழியாகத் திரும்பி வரும். மத்தியானம் சாயும்வரை அவர் அந்தக் கட்டிலைவிட்டு அசைய முடியாது. செவ்வாயும் வெள்ளியும் இதுதான். இரண்டு வருஷமாகிறது. அவளுக்கு வாரம் என்பதே இந்த இரண்டு கிழமைகள்தான், மற்றதெல்லாம் இடைவெளி. கேன்டீனில் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று வழக்கம்போலச் சொல்லிக்கொண்டுதான் வந்தாள். வழக்கமாக “ம்” என்பார். இன்று அதுவும் இல்லை. நேற்றுச் சாயங்காலத்திலிருந்து அவர் பேசவில்லை. ஆட்டோவில் வரும்போதும் தில்லைநகரின் கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தார், அதையெல்லாம் மனப்பாடம் செய்து யாருக்கோ ஒப்பிக்கப்போகிறவரைப் போல. கண்ணாடிக் கதவைத் தள்ளினாள். குளிர்காற்றும் அதோடு இஞ்சியும் பூண்டும் வறுத்த எள்ளும் கலந்த வாசனையும் முகத்தில் மோதின. தோள் தானாகத் தளர்ந்தது. வெட்கமாக இருந்தது, இந்தத் தோளுக்கு வெட்கம் இல்லையா என்று.

ஜன்னலோர மேசை காலியாகத்தான் இருந்தது. சீனா, தாய்லாந்து, ஜப்பான், கொரியா என்று கிழக்குத்திசை நாடுகளையெல்லாம் ஒரே அடுப்பில் ஏற்றிச் சமைக்கிற இடம். சாயங்காலம் கல்லூரிப் பிள்ளைகளால் நிரம்பிவிடும், மத்தியானத்தில் ஈ காக்கை இருக்காது. பரிமாறுகிற பெண் ரெமி தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “ஆன்ட்டி, மீன் சாஸ் இல்லே, முட்டை இல்லே, எனக்கு தெரியும்” என்றாள். மிசோரத்திலிருந்து வந்து திருச்சியில் கற்றுக்கொண்ட தமிழ். சூப், பூண்டு போட்டு வதக்கிய வெள்ளைத்தண்டுக் கீரை, வேர்க்கடலை தூவிய அரிசி நூடுல்ஸ். மெனு அட்டையைப் பார்க்காமலே சொல்ல வருகிறது இப்போது. போன ஐப்பசியில் ஒரு நாள் மழைக்கு ஒதுங்கித்தான் இந்தப் படியில் நின்றாள். ஈரப் புடவையோடு நின்றவளை மேலேயிருந்து இந்த வாசனை வந்து பிடித்தது. எங்கேயோ அறிந்த வாசனை. சிங்கப்பூர். மகள் உமையாளின் பிரசவத்துக்குப் போயிருந்தபோது, மாப்பிள்ளை அழைத்துப்போன பெரிய உணவுக்கூடம், வரிசை வரிசையாய்க் கடைகள், நெருப்பு எகிறும் இரும்புச் சட்டிகள். குஞ்சிதபாதம் ஒவ்வொரு கடையாகப் போய் நின்று, இது கறி இல்லாததா, மீன் இல்லாததா என்று பொன்மலை ரயில்வே பணிமனையில் கற்ற ஆங்கிலத்தில் விசாரித்து, இரண்டு தட்டு நிறைய வாங்கி வந்து உட்கார்ந்தார். சோயாவில் செய்த டோஃபுவைக் கண்டு அசந்துபோனார். நெற்றி வேர்க்க, மூக்கு ஒழுக, குச்சியைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டு, “தையலு, ஒரே ஒரு வாய் பாரேன்” என்று நீட்டினார். அவளோ முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு கட்டி எடுத்துப் போயிருந்த எலுமிச்சம்பழச் சாதத்தைத் திறந்தாள். அந்த வாசனையே எனக்கு ஆகாது என்றாள். அவர் கொஞ்ச நேரம் கையை நீட்டியபடியே இருந்தார். பிறகு தானே அதைச் சாப்பிட்டார். அன்றைக்கு நீட்டிய வாயைத் தட்டிவிட்டு, அவர் வாயைக் கட்டிப்போட்டிருக்கிற இப்போது, அவருக்குத் தெரியாமல் வந்து உட்கார்ந்து தின்கிறோமே என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பு வரும். ஒவ்வொரு தடவையும் அந்த நினைப்பையும் சேர்த்து விழுங்கிவிட்டுச் சாப்பிடுவாள்.

சூப் வந்தது. வெள்ளைக் கிண்ணத்தில் தெளிந்த சாறு, அடியில் காளானும் காரட்டும் இளஞ்சோளமும், மேலே வெங்காயத்தாள் மிதந்தது. ஆவி கண்ணாடியில் படிந்தது. முதல் கரண்டி நாக்கில் பட்டதும் இஞ்சி நுனிநாக்கில் ஒரு குத்து குத்திவிட்டுத் தொண்டைக்குள் சூடாக இறங்கியது. ஆகா, என்றது உள்ளே ஏதோ ஒன்று. இரண்டாவது கரண்டிக்குள் தண்ணீர் ஞாபகம் வந்துவிட்டது. இதில் எத்தனை தண்ணீர் இருக்கும். சிறுநீரகம் நின்றுபோன அவருக்கு ஒரு நாளுக்கென்று அளந்து வைக்கிற பாட்டிலில் பாதி இருக்குமா. அந்தப் பாட்டிலை அவர் பார்க்கிற பார்வை இருக்கிறதே. மாத்திரைக்கு ஒரு மடக்கு, மத்தியானம் ஒரு மடக்கு, மிச்சத்தைச் சாயங்காலத்துக்கு என்று வெயில் காலத்தில் ஒளித்து வைத்துக் குடிப்பார். அவருடைய தண்ணீரை அவரே ஒளித்து வைப்பார். தாகம் தாங்காதபோது ஒரு ஐஸ் துண்டை வாயில் அதக்கிக்கொண்டு கன்னம் புடைக்க உட்கார்ந்திருப்பார், மிட்டாய் தின்கிற குழந்தை மாதிரி. அவளும் வீட்டில் தண்ணீர் குடிப்பதில்லை, அவர் எதிரே. சமையலறைக் கதவை ஒருக்களித்துவிட்டு, செம்பைச் சத்தமில்லாமல் எடுத்து, தொண்டை மடக் மடக்கென்று சத்தம் போடாதபடி சிறுகச் சிறுகக் குடிப்பாள். தண்ணீர் குடிப்பது திருட்டாகிவிட்ட வீடு. குழாயைத் திறந்து பாத்திரம் கழுவும் சத்தம்கூட அவருக்குக் கேட்குமே என்று கழுவுகிற நேரத்தை மாற்றியிருக்கிறாள். இங்கே வந்த முதல் நாள் அவள் செய்த முதல் காரியம் ஒரு டம்ளர் தண்ணீரை அண்ணாந்து குடித்ததுதான். சத்தம் வந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொரு டம்ளர் குடித்தாள். அப்போது கண்ணில் நீர் வந்ததை ரெமி பார்த்துவிட்டு, காரமா ஆன்ட்டி என்று கேட்டாள், ஒன்றும் பரிமாறாத மேசையைப் பார்த்துக்கொண்டே.

கிண்ணம் எப்போது காலியானது என்று தெரியவில்லை. ரெமி அதை எடுத்துக்கொண்டு கீரைத் தட்டை வைத்தாள். கரண்டிக் காம்பு போல வெள்ளைத் தண்டு, நுனியில் கரும்பச்சை இலை, மேலே பொன்னிறப் பூண்டு. அவள் வீட்டில் கீரை நுழைந்து இரண்டு வருஷம். கீரை ஆகாது, வாழைப்பழம் ஆகாது, தேங்காய், தக்காளி, உருளைக்கிழங்கு, இளநீர், எதெல்லாம் உடம்புக்கு நல்லது என்று ஊர் உலகம் சொல்லுமோ அதெல்லாம் அவருக்கு ஆகாது. மிச்சம் இருப்பது சுரைக்காய், கோவைக்காய், முட்டைக்கோஸ். அவற்றிலும் பொட்டாசியம் இருக்கிறதாம், அப்படியே போட முடியாது. பொடியாக நறுக்கி, வெதுவெதுப்பான நீரில் ஊறப்போட்டு, அந்த நீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் வேகவைத்து, அதையும் வடித்துக் கொட்டி, பிறகு எடுத்தால் கையில் மிஞ்சுவது காயா என்ன. பச்சையும் மஞ்சளுமாகச் சாக்கடையில் ஓடுகிற அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு தினமும் நிற்பாள். உப்பு இல்லாமல், புளி இல்லாமல், சத்தெல்லாம் போன சக்கையை எண்ணெயில் ஒரு புரட்டு. தாளிக்கிற கடுகு மட்டும்தான் உயிரோடு வெடிக்கும். ஒரு காலத்தில் அவரே காந்தி மார்க்கெட்டுக்குப் போய்க் காய் வாங்குவார். விடியலில் லாரி இறங்குகிற நேரத்தில் போனால்தான் முகம் வாடாத காய் கிடைக்கும் என்று சைக்கிளில் போவார். வெண்டைக்காயின் நுனியை ஒடிக்கிற சத்தத்தை வைத்தே முற்றல் இளசு சொல்லுவார். காம்பில் முள் குத்துகிற கத்தரிக்காய், பிஞ்சு அவரை, தோல் சீவாமலே சமைக்கக்கூடிய பீர்க்கு, பையைக் கவிழ்த்துப் பரப்பிவிட்டு அதன் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வார், சீர்வரிசை வந்து இறங்கியதைப் போல. இலையில் உட்கார்ந்தாலோ, நாக்கா அது. உப்பு ஒரு கல் குறைந்தால் தெரியும். சாம்பாரில் வெந்தயம் ஒரு நொடி கூடுதலாகச் சிவந்திருந்தால் தெரியும். கோபப்பட மாட்டார். நிமிர்ந்து அவளை ஒரு பார்வை, அவ்வளவுதான். அந்தப் பார்வைக்காகவே முப்பது வருஷம் அடுப்பில் வெந்தாள் என்று சொல்ல வேண்டும். அவர் நாக்குக்கு என்ன வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்த அளவுக்குத் தன் நாக்குக்கு என்ன வேண்டும் என்று தெரியாது. கடைசியில் உட்கார்ந்து, குழம்புச் சட்டியின் அடியில் ஒட்டியிருப்பதைச் சோற்றைப் போட்டுப் பிசைந்து எடுத்து, நின்றுகொண்டே சாப்பிட்டு முடித்துவிடுகிறவளிடம் உனக்கு என்ன பிடிக்கும் என்று யார் கேட்டார்கள். இந்த மாடியில்தான் அவளுக்கே தெரிந்தது, தண்டு நறுக்கென்று கடிபடுவது பிடிக்கும், லேசான கசப்பு பிடிக்கும், ஒரே வாயில் புளிப்பும் இனிப்பும் உறைப்பும் அடுத்தடுத்து வருவது பிடிக்கும், உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்கும். யாராவது கொண்டுவந்து எதிரே வைக்கப் பிடிக்கும். அம்பத்தெட்டு வயதில்.

ஆனால் நேற்றைய பேச்சும் கூடவே மேசைக்கு வந்திருந்தது. நேற்றுச் சாயங்காலம் அவர் சீக்கிரமே சாப்பிட உட்கார்ந்தார். சுரைக்காய்தான். ஒரு கவளம் எடுத்தார், மென்றார், மென்றுகொண்டே இருந்தார். பிறகு தட்டை மெதுவாகத் தள்ளினார், சத்தம் வராமல், கோபமே இல்லாமல். “இது சுரைக்காய் இல்ல தையலு. சுரைக்காயைக் குளிப்பாட்டி எடுத்துப் போட்டிருக்கு” என்றார். அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடுத்து அவர் சொன்னார், “நாளைக்கு ஊசிக்குப் போறேன். அதோட போதும். வெள்ளிக்கிழமை போக வேண்டாம்.” ஏன் என்று கேட்டாள், மறுபடி கேட்டாள். கை கழுவப் போனவர் குழாயடியிலேயே நின்றார், தண்ணீர் விரல்களில் ஓட ஓட. ஊசிக்குப் போகாவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா. கால் வீங்கும், மூச்சு முட்டும், பிறகு. பிறகு என்பதற்கு அப்புறம் அவள் மனது போவதில்லை, அங்கே போய் நின்றுவிட்டுத் திரும்பி வரும். உமையாளிடம் சொல்லலாமா. சொன்னால் அழுவாள், லீவு போடுவாள், விமானம் பிடிப்பாள், வந்து இறங்கி அப்பாவோடு சண்டை போடுவாள், அப்பா இன்னும் வாயை மூடிக்கொள்வார். டாக்டரிடம் சொல்லலாமா. மனச்சோர்வுக்கு ஒரு மாத்திரை எழுதுவார், அதை விழுங்க ஒரு மடக்குத் தண்ணீர் குறையும். அவர் சொன்னதைக் கேட்ட அந்தக் கணத்தில் தனக்குள் ஒன்று, ஒரு இழை, ஒரு மயிரிழை, அப்பாடா என்றதா. அதை நினைத்துப் பார்க்கவும் பயமாக இருந்தது. இல்லை, அது களைப்பு, அவளில்லை. ஊறப்போட்டு வடித்து ஊறப்போட்டு வடித்து வந்த கையின் களைப்பு. கைக்கு என்ன தெரியும். போனை எடுத்து மேசைமேல் திரை தெரிய வைத்தாள். ஒரு முறை இப்படித்தான், வாயில் நூடுல்ஸோடு இருக்கும்போது மையத்திலிருந்து அழைப்பு வந்தது, பிரஷர் இறங்கிவிட்டது, வாருங்கள் என்று. வாயில் இருந்ததைத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் இரண்டு தெருவும் ஓடினாள். போய்ச் சேர்ந்தபோது அவர் கண் விழித்திருந்தார், எதுக்கு இப்படி ஓடிவர்ற என்றார். அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். இன்றைக்கு அழைப்பு வரவில்லை. தெருவில் இளநீர் வண்டி போகிறது. வேப்பமரத்தடியில் ஆட்டோக்காரர் தூங்குகிறார். வெள்ளிக்கிழமை குஞ்சிதபாதம் கட்டிலைவிட்டு எழவில்லை என்றால் என்ன செய்வது. தூக்கியா கொண்டுபோக முடியும். கெஞ்சலாம். காலில் விழலாம். எனக்காக என்று சொல்லலாம். முப்பத்து மூன்று வருஷத்தில் எனக்காக என்று எதையும் கேட்டுப் பழக்கமில்லாத வாய், அந்தச் சொல்லை எப்படி உச்சரிக்கும். ரெமி வந்து நின்றாள். போதுமா ஆன்ட்டி, இன்னும் வேணுமா என்று கேட்டாள். தையல்நாயகி குனிந்து பார்த்தாள். கீரைத் தட்டில் இரண்டு பூண்டுத் துண்டுகள் மட்டும் கிடந்தன. நூடுல்ஸ் வந்திருந்ததும் தெரியவில்லை, தீர்ந்திருந்ததும் தெரியவில்லை.

அவள் திரும்பிப் போனபோது ஊசியை எடுத்திருந்தார்கள். எடை பார்த்துவிட்டு அவரை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். முகம் கசக்கிப் பிழிந்த துணியாக வெளுத்திருந்தது. ஊசி இருந்த இடத்தில் வைத்திருந்த பஞ்சை அவரே வலது கையால் அழுத்திக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் விரலை எடுத்துவிட்டுத் தன் கட்டைவிரலை அங்கே வைத்து அழுத்தினாள். தோலுக்கடியில் ரத்தம் விர்ரென்று ஓடுவது எப்போதும்போல விரலில் அதிர்ந்தது. ஆட்டோக்காரரை வரச் சொல்லியாயிற்று, வந்துவிடுவார் என்றாள். அவர் தலையை அவள் பக்கம் திருப்பினார். மூக்கு லேசாக விரிந்தது.

“சாப்பிட்டியா?”

“ஆச்சு. தயிர்சாதம்.”

“தயிர்சாதத்துக்கு எள்ளு வறுத்துக் கொட்டுறாங்களா இப்பல்லாம்?”

அவள் கட்டைவிரல் பஞ்சிலிருந்து நழுவப் பார்த்தது. அழுத்திப் பிடித்தாள். புடவையெல்லாம் வாசனை. வீட்டுக்குப் போனதும் மாற்றிவிடுவாளே தவிர, இந்த வராந்தாவில் என்ன செய்ய முடியும். அப்படியானால் இத்தனை மாதமும். இத்தனை செவ்வாயும் வெள்ளியும் இந்த பெஞ்சில் உட்கார்ந்து அவர் முகர்ந்துகொண்டே இருந்திருக்கிறார். கோபம் வரப்போகிறது, இல்லை, கோபம் வந்தால்கூடத் தேவலை, அந்தப் பார்வை வரப்போகிறது என்று அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதுவும் வரவில்லை. மாடியில் அந்தக் கடைதானே, வரும்போது பலகையைப் பார்த்தேன் என்றார் அவர், சாதாரணமாக. என்ன வாங்கினாய் என்று கேட்டார். அவள் சொன்னாள். சூப், கீரை, நூடுல்ஸ். குற்றப்பத்திரிகை வாசிப்பதைப் போலச் சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“கீரைன்னா என்ன கீரை? தண்டு வெள்ளையா இருக்குமே, சிங்கப்பூர்ல பாத்தோமே, அதுவா?”

“அதுதான்.”

“தண்டு எப்படி இருந்துச்சு? கடிச்சா சத்தம் கேட்டுச்சா, இல்ல வேகவிட்டுட்டானா?”

அவள் நாக்கைத் துழாவினாள். தண்டைக் கடித்திருக்கிறாள், அது நிச்சயம், தட்டு காலியாகத்தானே இருந்தது. ஆனால் கடித்த இடத்தில் இவர்தான் இருந்தார். தள்ளிய தட்டு இருந்தது, குழாயடி இருந்தது, வெள்ளிக்கிழமை இருந்தது. முதல் கரண்டி சூப்பின் இஞ்சியைத் தவிர ஒரு ருசியும் கையில் அகப்படவில்லை. போன வாரத்து ருசியை எடுத்துச் சொல்லிவிடலாம். இந்த நாக்கிடம் பொய் சொல்லி எந்தக் காலத்தில் தப்பித்திருக்கிறாள்.

“தெரியலைங்க” என்றாள்.

“தெரியலையா? தின்னது நீதானே?”

“தின்னேன். நெனப்பு இங்க இருந்துச்சு.”

அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். அந்தப் பழைய பார்வை இல்லை இது, வேறு ஏதோ. உள்ளே யாரோ ஒருவருடைய இயந்திரம் பீப் பீப் என்று கூவி அடங்கியது. வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அவள் பஞ்சை விலக்கிப் பார்த்தாள், ரத்தம் நின்றிருந்தது. பிளாஸ்திரியை ஒட்டினாள். எழுந்திருக்கத் தோள் கொடுத்தபோது அவர் எழவில்லை. அவளுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“இப்படியா வீணாக்குவ. வெள்ளிக்கிழமை போறப்ப ஒழுங்கா கவனிச்சு சாப்பிட்டுட்டு வா. மெதுவா சாப்பிடு. வந்து எனக்குச் சொல்லணும்.”

இதுவும் அவருக்காகவா என்று முதலில் தோன்றியது. மிச்சமிருந்த ஒரு மணி நேரம், ஒரு மேசை, ஒரு நாக்கு, அதுவும் இனி இவருக்காகவா. கால் கடுத்தது, முதுகு கடுத்தது, இங்கேயே இந்த பெஞ்சில் சாய்ந்து தூங்கிவிடலாம் போல இருந்தது. அதற்குப் பிறகுதான் அவர் சொன்ன கிழமை காதில் விழுந்தது. அவள் அதை வாய்விட்டுத் திருப்பிக் கேட்கவில்லை, கேட்டால் கலைந்துவிடும் என்று பயந்தாள்.

“சரிங்க” என்றாள்.

அவர் எழுந்தார். முழுப் பாரத்தையும் அவள் தோளில் போட்டுக்கொண்டு, படியை ஒவ்வொன்றாகக் காலால் தேடித் தேடி, இருவரும் வெயிலுக்குள் இறங்கினார்கள்.